சாயங்காலம் டோலே இல்லை, பிறகு ஏன் நிற்கிறோம்? பினாங்கு பாலத்தின் மின்னணு டோல் தடங்கள்: ஒரு நிகழ்வு ஆய்வு

காலை ஷிப்டுக்கு மலேசியப் பெருநிலத்துப் பிறையிலிருந்து பினாங்குத் தீவின் பாயான் லெப்பாஸ் போகும் கம்பெனி பஸ்ஸில் டிரைவருக்கு நேர் பின்னால் இருக்கும் இருக்கை என்னுடையது. முன்கண்ணாடி வழியாகப் பாதை முழுவதும் தெரியும். டோல் சாவடி நெருங்கும்போது எந்தத் தடத்தில் வரிசை நீளம், எந்தத் தடத்தில் தடுப்புக் கட்டை தூக்காமல் ஒருவர் தவிக்கிறார் என்று பார்த்துக்கொண்டே போவது பழக்கமாகிவிட்டது. ஒரு நாள் அந்த வரிசையில் நின்றபடி, "முழுசா எலக்ட்ரானிக் ஆக்கி, கட்டையையும் எடுத்துட்டா நிக்காமப் போயிடலாம் அண்ணே" என்றேன். டிரைவர் திரும்பிப் பார்க்காமலே கேட்டார்: "காலையில டோல் கேட்டு இருக்கு, நிக்கிறோம். சரி. சாயங்காலம் வீட்டுக்குப் போறப்ப கேட்டே இல்லியே தம்பி. அப்ப எதுக்கு நிக்கிறோம்?"

அன்று என்னிடம் பதில் இல்லை. இத்தனைக்கும் என் வேலையே அதுதான். தொழிற்சாலையில் உற்பத்தி வரிசையைக் கவனித்து, எந்த நிலையம் மற்ற எல்லாவற்றையும் பிடித்து வைக்கிறது என்று கண்டுபிடிப்பவன் நான். அந்த நிலையத்துக்கு முன்னால் இருக்கும் இயந்திரத்தை எவ்வளவு வேகமாக்கினாலும் வெளியே வரும் சரக்கு கூடாது. நடுவில் குவியும் சரக்குதான் கூடும். எட்டு மணி நேரம் உள்ளே இதைப் பார்த்துவிட்டு, வெளியே வந்து அதே கண்ணால் பாலத்தைப் பார்க்காமல் இருந்திருக்கிறேன். அவர் கேட்ட பிறகுதான் உட்கார்ந்து கணக்குப் போட்டேன்.

பாலமும் அதில் போகிறவர்களும்

பினாங்கு பாலம் 1985 செப்டம்பர் 14 அன்று திறக்கப்பட்டது. மொத்த நீளம் 13.5 கிலோமீட்டர், அதில் 8.4 கிலோமீட்டர் கடலுக்கு மேல். பெருநிலப் பக்கம் பிறை, தீவுப் பக்கம் கெலுகோர். அகலப்படுத்தும் பணி 2009-ல் முடிந்தபின் ஒவ்வொரு திசையிலும் 3 தடங்கள். வேக வரம்பு 80 கிலோமீட்டர். இந்த ஆய்வுக்கு மிக முக்கியமான ஒரு விவரம்: டோல் தீவுக்குப் போகும்போது மட்டுமே, பிறையில் வசூலிக்கப்படுகிறது. திரும்பும் திசையில் சாவடியே கிடையாது. ஒரே பாலம், ஒரே மக்கள், ஒரே 3 தடங்கள். ஒரு திசையில் கேட்டு உண்டு, மறு திசையில் இல்லை. காசு செலவழித்துப் பரிசோதனை செய்தாலும் இவ்வளவு தெளிவாக ஒப்பிட ஓர் இடம் கிடைக்காது.

1972-ல் பாயான் லெப்பாஸில் சுதந்திர வர்த்தக வலயம் தொடங்கியதிலிருந்து பெருநிலத்துக் குடும்பங்கள் தீவின் தொழிற்சாலைகளுக்கு ஆள் அனுப்பிக்கொண்டே இருக்கின்றன. தோட்டத்திலிருந்து பிறைக்கும் பட்டர்வொர்த்துக்கும் குடிவந்த நம்மவர் வீடுகளில் இரண்டு தலைமுறையாக அலாரம் வைப்பதே பாலத்தைக் கணக்கில் கொண்டுதான். 2014 மார்ச் 1 அன்று பத்து காவானுக்கும் பத்து மாவுங்குக்கும் இடையே 24 கிலோமீட்டர் நீளமுள்ள இரண்டாவது பாலம் வந்தது. பட்டர்வொர்த்திலிருந்து கிளம்புகிறவருக்கு அது தெற்கே இறங்கிச் சுற்றிப் போகும் வழி. பட்டர்வொர்த்துக்கும் தீவுக்கும் இடையே ஓடும் பெர்ரி, கார்களை ஏற்றுவது 2021 பிறந்ததோடு நின்றது. 2023 ஆகஸ்டில் வந்த புதிய பெர்ரிகளும் ஆட்களையும் மோட்டார் சைக்கிள்களையும் சைக்கிள்களையும் மட்டும் ஏற்றுகின்றன. ஆக, காரில் போகிறவருக்குப் பாலத்தை விட்டால் இன்னொரு பாலம்தான்.

டோல் கேட்டு எப்படி மாறியது

மலேசியாவில், தட்டிப் பணம் செலுத்தும் டச் அன் கோ அட்டை 1997-ல் வந்தது. பிறகு, அந்த அட்டையைச் செருகி முன்கண்ணாடி ஓரம் வைக்கும் ஸ்மார்ட் டேக் கருவி வந்தது. அது அகச்சிவப்புக் கதிரால் சாவடியோடு பேசும். 2004 ஜூலை 1 முதல் எல்லா நெடுஞ்சாலைகளுக்கும் ஒரே மின்னணு முறை என்று ஆனது. 2017-ல் பிளஸ் நிறுவனம் நடத்தும் நெடுஞ்சாலைகளில் ரொக்கம் வாங்குவது முற்றிலும் நின்றது. 2018-ல் ஆர்.எஃப்.ஐ.டி ஸ்டிக்கர் சோதனைக்கு வந்தது. அதில் பேட்டரி கிடையாது. தடத்துக்கு மேலே இருக்கும் ஆன்டெனா அனுப்பும் ரேடியோ அலையிலிருந்தே சக்தி எடுத்துக்கொண்டு தன் எண்ணைத் திருப்பிச் சொல்லும். பணம் கைப்பேசியில் உள்ள மின்பணப்பையிலிருந்து கழியும்.

2022 ஜனவரி 15 அன்று வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் பிறைக்கு அருகிலுள்ள ஜூரு முதல் தெற்கே ஜொகூரின் ஸ்கூடாய் வரை ஆர்.எஃப்.ஐ.டி தடங்கள் திறக்கப்பட்டன. அடுத்த சில நாள்கள் பலருக்கு நினைவிருக்கும். ஸ்மார்ட் டேக் தடங்களாக இருந்தவற்றைப் புதிய முறை எடுத்துக்கொண்ட இடங்களில் வரிசை நீண்டது, புகார்கள் குவிந்தன. பிறகு சில இடங்களில் ஸ்மார்ட் டேக் தடங்களைத் திரும்பத் திறக்க வேண்டியிருந்தது. நிற்காமல் போக வைக்கும் முறை என்று கொண்டுவந்தது ஏன் நிற்க வைத்தது?

ஒரு தடத்தின் கணக்கு

கண்ணாடியை இறக்கி, கையை நீட்டி, அட்டையைத் தட்டி, கட்டை தூக்கி, வண்டி நகர்ந்து அடுத்த வண்டி அந்த இடத்துக்கு வர 8 விநாடி என்று வைத்துக்கொள்வோம். ஒரு மணிக்கு 3,600 விநாடி. 8-ஆல் வகுத்தால் 450 வண்டி. டேக் (ஸ்மார்ட் டேக் கருவியோ ஆர்.எஃப்.ஐ.டி ஸ்டிக்கரோ) வைத்து மெதுவாக உருண்டு போகும் தடத்தில் 3 விநாடிக்கு ஒரு வண்டி என்றால் 1,200. கட்டையே இல்லாத திறந்த சாலையில், சீரான ஓட்டத்தில், ஒரு தடம் ஏறத்தாழ 2,000 வண்டிகளைத் தாங்கும். காகிதத்தில் பார்த்தால் அட்டைத் தடத்தை டேக் தடமாக மாற்றுவது ஒரு தடத்தை ஏறத்தாழ 2.7 தடமாக்குவதற்குச் சமம். மின்னணு டோலுக்காகச் சொல்லப்படும் வாதம் முழுவதும் இந்த எண்களின் மேல்தான் நிற்கிறது. அதில் பொய் எதுவும் இல்லை.

ஆனால் அந்த 3 விநாடி, டேக் ஒவ்வொரு முறையும் படிக்கப்பட்டால்தான். ஸ்டிக்கர் படியவில்லை என்றால் என்ன நடக்கிறது? டிரைவர் கொஞ்சம் பின்னால் வந்து மறுபடி முன்னால் போவார், பட்டனை அழுத்துவார், பின்னால் இருப்பவர் ஹார்ன் அடிப்பார், பணியாளர் நடந்து வருவார். இதற்கு 60 விநாடி என்று குறைவாகவே வைப்போம். 100 வண்டிக்கு 1 வண்டி இப்படி மாட்டினால், சராசரி நேரம் 3 விநாடியிலிருந்து 3.6 ஆகும், தடத்தின் திறன் 1,200-லிருந்து 1,000-ஆகக் குறையும். 20-க்கு 1 மாட்டினால் சராசரி 6 விநாடி, திறன் 600. 12-க்கு 1 மாட்டினால் சராசரி 8 விநாடி. அதாவது கையால் தட்டும் அட்டைத் தடமும் இந்த அதிநவீனத் தடமும் ஒன்று. 12-ல் 11 பேருக்கு நன்றாக வேலை செய்யும் ஒரு கருவி, சாலைக்கு ஒரு பயனும் தராமல் போகிறது. 2022-ன் பாடம் இந்தக் கணக்கில் இருக்கிறது என்று நினைக்கிறேன். புதிய முறைக்குப் பழக்கப்படாத மக்கள், சரியாக ஒட்டாத ஸ்டிக்கர்கள், பணம் போடாத மின்பணப்பைகள் எல்லாம் ஒரே வாரத்தில் ஒரே தடத்துக்கு வந்தால் சராசரி எங்கே போகும்?

எனக்கும் அது நடந்திருக்கிறது. பிறையில் அல்ல, வேறு ஒரு சாவடியில். அம்மாவை மருத்துவமனைக்கு அழைத்துப் போகும் வழி. கட்டை அசையவில்லை. பணம் இருக்கிறது, ஸ்டிக்கர் இருக்கிறது, பின்னால் வரிசை நீள்கிறது. அம்மா, "நீ என்னப்பா தப்பு செஞ்ச?" என்று கேட்டார். நான் ஒன்றும் செய்யவில்லை என்பதை அவருக்குப் புரியவைப்பதற்குள் வியர்த்துவிட்டது. பின்னால் நின்ற ஒவ்வொருவர் காரிலும் யார் எங்கே அவசரமாகப் போனார்களோ, அவர்களுக்கும் அந்த ஒரு நிமிடம் சேர்ந்தே போனது. வாரம் ஒருமுறை வேலை செய்யாத ஓர் இயந்திரத்தை எங்கள் தொழிற்சாலையில் வரிசையின் நடுவில் வைத்திருக்க மாட்டோம்.

தடுமாற்றத்தின் விளைவு நேர்க்கோட்டில் கூடுவதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். வண்டிகள் ஒழுங்கில்லாமல் வந்து, ஒவ்வொன்றும் வெவ்வேறு நேரம் எடுக்கும் ஒரு தடம் தன் திறனில் 80 விழுக்காடு நிரம்பியிருந்தால், எளிய வரிசைக் கோட்பாட்டின்படி அங்கே சராசரியாக 4 வண்டிகள் இருக்கும். 90 விழுக்காட்டில் 9. 95 விழுக்காட்டில் 19. கடைசி ஐந்து விழுக்காடு வரிசையை இரட்டிப்பாக்கிவிடுகிறது. அதனால்தான் "நேற்று நல்லாத்தானே போச்சு, இன்னிக்கு என்ன?" என்று தோன்றுகிறது. நேற்றைக்கும் இன்றைக்கும் இடையே சில நூறு வண்டிகளே வித்தியாசமாக இருக்கலாம்.

விரைவுத் தடம் எங்கே தொடங்குகிறது

தடங்களைப் பங்கிடுவதில் இன்னொரு பொறி இருக்கிறது. 8 தடங்கள் உள்ள ஒரு சாவடியைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். மணிக்கு 5,000 கார் வருகிறது. 3,000 பேர் டேக், 2,000 பேர் அட்டை. டேக்குக்கு 4 தடம், அட்டைக்கு 4 தடம் கொடுத்தால் மொத்தத் திறன் 4,800-ம் 1,800-ம் சேர்த்து 6,600. தேவையை விட மிக அதிகம். ஆனால் அட்டைப் பக்கம் மணிக்கு 200 வண்டி தேங்கும். ஒரு மணி நேரத்தில் ஒவ்வோர் அட்டைத் தடத்திலும் 50 கார். ஒரு காருக்கு ஏழரை மீட்டர் என்றால் 375 மீட்டர் வால். அந்த வால், சாவடிக்கு முன் சாலை அகலமாகத் தொடங்கும் இடத்தைத் தாண்டிப் பின்னுக்கு நீண்டதும் டேக் வைத்திருப்பவரும் அதிலேயே மாட்டிக்கொள்வார். அவருடைய விரைவுத் தடம் முன்னால் காலியாகக் கிடக்கும். அங்கே போய்ச் சேர வழி இருக்காது.

அதே 8 தடங்களை டேக்குக்கு 3, அட்டைக்கு 5 என்று மாற்றினால் 3,600-ம் 2,250-ம். மொத்தத் திறன் குறைகிறது, ஆனால் நீண்டுகொண்டே போகும் வரிசை இல்லை! மொத்தத்தைப் பார்த்து முடிவெடுப்பவர் முதல் ஏற்பாட்டைத்தான் தேர்ந்தெடுப்பார். விரைவுத் தடம் உண்மையில் தொடங்குவது சாவடியில் அல்ல, வரிசையின் வால் முடியும் இடத்தில். மூன்று விதமாகப் பணம் செலுத்தும் முறைகள் ஒரே சாவடியில் இருக்கும்வரை, தடங்களின் பங்கு மணிக்கு மணி மாற வேண்டும். கடைசி 200 மீட்டரில் பலகையைப் பார்த்து இடமிருந்து வலம் பாயும் கார்கள் இந்தப் பங்கீட்டின் இன்னொரு விலை. காலையில் எங்கள் பஸ் திடீரென்று பிரேக் பிடிப்பது பெரும்பாலும் அவர்களுக்காகத்தான்.

கேட்டுக்கு அப்பால்

இனி டிரைவர் அண்ணனின் கேள்வி. பிறைச் சாவடியின் எல்லாத் தடங்களும் கட்டையில்லாமல் திறந்துவிட்டன என்றே வைப்போம். முன்னால் இருப்பது 3 தடங்கள். தடத்துக்கு 2,000 என்றால் 6,000. லோரியும் பஸ்ஸும் கலந்து, பல தடங்கள் மூன்றாகச் சுருங்கும் இடத்தில் ஒருவரை ஒருவர் முந்தினால் அதைவிடக் குறையும். சாவடி எவ்வளவு கொடுத்தாலும் பாலம் இவ்வளவுதான் வாங்கும். மாலையில் நடப்பது இதுவே. துன் டாக்டர் லிம் சொங் யூ விரைவுச்சாலையிலிருந்தும் மற்றப் பக்கங்களிலிருந்தும் வரும் வண்டிகள் பாலத்தின் ஏறுவழியில் சேர்கின்றன. பெருநிலத்தில் இறங்கும் இடத்தில் பிரிகின்றன. பாட்டிலின் கழுத்துபோல் எல்லாரையும் பிடித்து வைக்கும் இடம் அங்கேதான். காலையில் கேட்டு அந்தக் கழுத்தை நம் கண்ணிலிருந்து மறைத்துக்கொண்டிருந்தது.

அதைவிட மோசமானது ஒன்றும் உண்டு. சுருங்கும் இடத்தில் ஒருமுறை வரிசை கட்டிவிட்டால், அங்கிருந்து வெளியேறும் வண்டிகளின் எண்ணிக்கை அந்த இடத்தின் முழுத் திறனைவிடச் சுமார் பத்து விழுக்காடு குறைந்துவிடுகிறது. போக்குவரத்துப் பொறியாளர்கள் பல நாடுகளில் அளந்து கண்ட உண்மை இது. நின்று கிளம்பும் ஒவ்வொரு வண்டியும் விடும் இடைவெளி திரும்ப வருவதில்லை. எனவே கேட்டை மிக வேகமாகத் திறந்து எல்லாரையும் ஒரே நேரத்தில் கழுத்துக்கு அனுப்பினால், முன்பு போனதை விடக் குறைவானவர்கள் பாலத்தைக் கடக்க வாய்ப்பிருக்கிறது.

சான் பிரான்சிஸ்கோவையும் ஓக்லாந்தையும் இணைக்கும் பே பாலம் இதற்கு நல்ல ஒப்பீடு. அங்கும் டோல் ஒரு திசையில்தான், நகரத்துக்குப் போகும்போது. பாலத்தில் ஒரு திசைக்கு 5 தடங்கள். 2020 மார்ச்சில் ரொக்கம் நின்று எல்லாம் மின்னணு ஆயிற்று. ஆனால் சாவடி தாண்டியதும் ஒவ்வொரு தடத்துக்கும் சிவப்பு, பச்சை விளக்குகள் பல பத்தாண்டுகளாக இருக்கின்றன. பாலம் தாங்கும் அளவுக்கு மட்டும் வண்டிகளை அவிழ்த்துவிடுகின்றன. பணம் வாங்குவதற்காக நிறுத்துவது வேறு, பாலம் அடைத்துக்கொள்ளாமல் இருக்க நிறுத்துவது வேறு என்று அவர்கள் பிரித்து வைத்திருக்கிறார்கள். நம் ஊரில் இரண்டையும் ஒரே கட்டை செய்துகொண்டிருக்கிறது, நாம் கவனிக்காமலே.

கேட்டுதான் கழுத்து என்ற இடங்களும் உண்டு, அதை மறுக்கக்கூடாது. ஈப்போவுக்கு வடக்கே ஜெலாப்பாங் சாவடி நெடுஞ்சாலையின் குறுக்கே நின்றது. 2009-ல் அதை எடுத்த பிறகு, பண்டிகைக்கு வடக்கே போகிறவர்கள் அங்கே நிற்கும் தேவை அடியோடு போயிற்று. முன்னும் பின்னும் சாலை ஒரே அகலம். ஆனால் கூட்டரசு நெடுஞ்சாலையில் பத்து தீகா, சுங்கை ராசாவ் சாவடிகள் 2018 ஜனவரி 1 முதல் இல்லை. கிள்ளானிலிருந்து கோலாலம்பூருக்கு வேலைக்குப் போகும் என் மச்சானைக் கேட்டால், காலை நெரிசல் இடம் மாறியது என்பாரே தவிர மறைந்தது என்று சொல்லமாட்டார்.

ஆனாலும் லாபம் இருக்கிறது

பயண நேரம் குறையாவிட்டால் மின்னணு டோல் வீண் என்று சொல்ல வரவில்லை. அமெரிக்காவில் நியூ ஜெர்சி, பென்சில்வேனியா மாநிலங்களில் மின்னணு டோல் வந்த பின் நடந்த ஓர் ஆய்வு 2011-ல் வெளியானது. சாவடியிலிருந்து 2 கிலோமீட்டருக்குள் வசித்த தாய்மார்களுக்குக் குறைமாதப் பிரசவம் 10.8 விழுக்காடும் எடை குறைந்த குழந்தைகள் பிறப்பது 11.8 விழுக்காடும் குறைந்திருந்தன, சற்றுத் தள்ளி வசித்தவர்களோடு ஒப்பிடும்போது. நின்று கிளம்பும் வண்டி கக்கும் புகையைக் குறைத்ததால் கிடைத்த பலன் அது. பிறையில் சாலையோரம் அடுக்குமாடிகள் நிறைந்திருக்கின்றன. அங்கே துணி காயப்போடும் பெண்களுக்கு இந்தச் செய்தி, எனக்கு மிச்சமாகும் 4 நிமிடத்தைவிடப் பெரியது.

இன்னொரு மாற்றம் சில்லறையில் இருக்கிறது. 2020 பிப்ரவரி 1 அன்று பிளஸ் சாலைகளின் டோல் 18 விழுக்காடு குறைந்தபோது பாலத்தின் கட்டணம் 7 ரிங்கிட்டிலிருந்து 5 ரிங்கிட் 74 சென் ஆனது. 2008 முதலே கடையில் 5 சென்னுக்கு முழுமையாக்கித்தான் ரொக்கம் வாங்குகிறோம். ரொக்க டோல் இருந்திருந்தால் இந்த 74 சென் வந்திருக்காது. இதற்கு மறுபக்கமும் உண்டு: மின்னணு டோல் வந்த அமெரிக்கச் சாலைகளில் கட்டணம், அது வராமல் இருந்திருந்தால் இருந்திருக்கக்கூடியதை விட 20 முதல் 40 விழுக்காடு வரை அதிகமானது என்று 2009-ல் வெளிவந்த ஓர் ஆய்வு கணக்கிட்டது. கையிலிருந்து நோட்டு போகாதபோது விலை கண்ணில் படுவதில்லை. என் அப்பா ஒவ்வொரு முறையும் எண்ணிக் கொடுத்தார். நான் எவ்வளவு கழிகிறது என்பதை மாதத்துக்கு ஒருமுறை பார்க்கிறேன்.

மோட்டார் சைக்கிள்களுக்கு 2019 ஜனவரி 1 முதல் டோல் இல்லை. ஷிப்டு மாறும் நேரத்தில் பாலத்தில் அலை அலையாகப் போகும் மோட்டார்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், நிறுத்தாமல் விடுவது என்றால் என்னவென்று. எந்தத் தொழில்நுட்பமும் அதற்குத் தேவைப்படவில்லை.

சிங்கப்பூர்போல் நேரத்துக்கு ஏற்ப விலை மாற்றலாமே என்று என் சக ஊழியர் ஒருவர் கேட்டார். அங்கே 1998 முதல் சாலைக்கு மேலே நிற்கும் மின்னணு வளைவுகள் கூட்ட நேரத்தில் அதிகம் வசூலிக்கின்றன. அது உண்மையிலேயே போக்குவரத்தைக் குறைக்கும் கருவி. ஆனால் அங்கே ரயில் இருக்கிறது. காலை 7 மணி ஷிப்டை 9 மணிக்கு மாற்றிக்கொள்ள முடியாத, பெர்ரியில் காரை ஏற்ற முடியாத ஒருவரிடம் கூட்ட நேரக் கட்டணம் கேட்பது அவர் சம்பளத்தில் கை வைப்பது. நான் அதை எதிர்க்கிறேன்.

என்ன செய்யலாம்

கட்டையில்லாத பல தட முறையை அரசு பல ஆண்டுகளாகப் பேசிவருகிறது. வரட்டும். அதற்கு முன் ஒவ்வொரு சாவடியிலும் டேக் படியாமல் போகும் விகிதத்தை மாதாமாதம் வெளியிட வேண்டும். 12-க்கு 1-ஆ, 1,000-க்கு 1-ஆ என்று தெரியாமல் தடங்களைப் பங்கிடுவது இருட்டில் திருகாணி முடுக்குவது. படியாத வண்டி ஒதுங்க, கட்டைக்கு அப்பால் ஓர் இடம் வேண்டும்; வசூலைப் பிறகு முடித்துக்கொள்ளலாம். வெற்றியை அளப்பது கேட்டைத் தாண்டிய வண்டிக் கணக்கால் அல்ல, ஜூருவிலிருந்து கெலுகோர் வரை ஆகும் நேரத்தால்.

இந்தக் கணக்கையெல்லாம் ஒரு நாள் டிரைவர் அண்ணனிடம் சொன்னேன். "அப்ப எங்கயோ ஒரு இடத்துல நின்னுதான் ஆகணும், அதானே?" என்றார். ஆமாம். பாலத்தின் மேல் நிற்பதைவிட அதற்கு முன்னால் நிற்பது நல்லது, ஏனென்றால் அங்கே யாரை முதலில் விடுவது என்று தேர்ந்தெடுக்க முடியும். எங்கள் பஸ்ஸில் 40 பேர். பாலத்தில் அது எடுக்கும் இடம் 2 அல்லது 3 கார்களுக்கு உரியது. அந்த 40 பேரும் தனித்தனிக் காரில் வந்தால் ஒரு டேக் தடத்துக்கு 2 நிமிட வேலை. அதன் பிறகு பாலத்தில் 40 இடம். இன்று பஸ்ஸும் அந்தக் கார்களுக்குப் பின்னால் வரிசையில் நிற்கிறது.

தீவையும் பட்டர்வொர்த்தையும் இணைக்கப்போகும் முத்தியாரா எல்.ஆர்.டி. இலகு ரயில் பாதைக்கு 2025 ஜனவரியில் பணி தொடங்கியிருக்கிறது. அந்த ரயில் கடலைத் தாண்டும் நாள்வரை விடியற்காலையில் பிறையில் வரிசை இருக்கும். அந்த வரிசையில், வால் தொடங்கும் இடத்திலிருந்தே கம்பெனி பஸ்களுக்கு ஒரு தடம் ஒதுக்க ஆன்டெனாவோ ஸ்டிக்கரோ வேண்டாம். காலை இரண்டு மணி நேரத்துக்குச் சாலையில் பெயின்ட்டும் ஆரஞ்சுக் கூம்புகளும் போதும்.